எண்ணெய்த் தொட்டிக்கு இரண்டு கட்சி

போன பங்குனியில் எங்கள் தெருக் காமன் பண்டிகையில் நடந்ததை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே எழுதுகிறேன். அதை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் அழுகை வருகிறது, அழுகை அடங்கியதும் மறுபடி சிரிப்பு வருகிறது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் இப்படி ஆகிவிட்டால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள். எழுதிவிட்டால் அடங்கலாம்.

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். என் கணவர் துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதும் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே மகன். பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறியவன். துறைமுகத்துப் பட்டறையில் தொழில் பழகுகிறவனாகச் சேர மனுப் போட்டிருந்தான், அவர்களுக்கும் அவனைப் பிடித்துப்போய், எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுதான் பாக்கி. எங்கள் பேட்டைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, இவன் நல்லவன், வம்பில்லாதவன் என்று ஒரு வார்த்தை எழுதிப் போக வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் என் தூக்கம் போயிற்று. அதற்கு முந்தைய வருஷம் சீமைத் துணிக் கடை ஒன்றின் வாசலில் சில பையன்கள் நின்று, வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டு, வாங்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். என் மகனும் கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போய்க் கும்பிட்டான். போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். இப்போது பட்டறைக் காரியமாக என் கணவர் போய் நின்றபோது அவர் சொன்னது ஒரே சொல்: "பார்க்கலாம்." அதை என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல பார்க்கலாமா, கெட்ட பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "பார்க்கலாம்னு சொன்னார்" என்றார் மறுபடியும். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். மீசை இருந்தது என்றார்.

இந்த நிலைமையில் காமன் பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தார் என்பது கதை. சாம்பலாகிவிட்டான், முடிந்தது என்பது எரிந்த கட்சி. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வரம் இருக்கிறதே, கண்ணுக்குத் தெரிகிறவன் எப்படி எரிந்தவன் ஆவான் என்பது எரியாத கட்சி. தெருமுனையில் கரும்பும் ஆமணக்கும் நட்டுக் காமன் மேடை போடுவார்கள். அதன் முன்னால் இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து, டேப்பு என்கிற வட்டமான தோல்மேளத்தைத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பாட்டாலேயே மடக்குவார்கள். அதற்கு லாவணி என்று பெயர். கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து காமனைக் கொளுத்துவார்கள். எரியாத கட்சிக்காரர்கள் அந்த நெருப்பிலேயே டேப்பைக் காய்ச்சிக்கொண்டு, எரியவில்லை என்று பாடுவார்கள்.

எந்தக் கட்சி என்பதை யாரும் யோசித்து எடுப்பதில்லை. ஜாதகம் போலக் கூடவே பிறக்கிறது. என் மாமனார் எரியாத கட்சியில் பாடியவர், ஆகவே என் மகன் எரியாத கட்சி. என் கணவருக்குக் குரல் கிடையாது, ஆகவே அவர் பேசாத கட்சி. எதிர்ப்பக்கம் முதல் குரல் ஒரு மேஸ்திரி. துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி ஏற்றும் கூலிகளை வைத்து வேலை வாங்குகிறவர். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தயவில் அந்தக் குத்தகையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். துரையின் குதிரைக்கும் சலாம் போடுவார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அவருடைய அப்பா எரிந்த கட்சி, ஆகவே அவரும் எரிந்த கட்சி.

இந்த வருஷம் பாடவேண்டாம் என்று மகனைக் கெஞ்சினேன்.

"யம்மா, மன்மதனுக்கும் சர்க்காருக்கும் இன்னா சம்பந்தம்? அவன் எரிஞ்சா இன்னா, எரியாட்டி இன்னா, இதுக்கா என்னை உள்ள தள்ளுவாங்க?" என்றான்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. மன்மதனைப் பற்றிப் பாடுவதில் ராஜத்துரோகம் எங்கிருந்து வரப்போகிறது. சரித்திரம் படித்தவள் அப்படி நிம்மதியாக இருந்திருக்கக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம், இருட்டுவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேஸ்திரி ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் நடுவில் வழக்கம்போல வசனத்தில் இறங்கினார்.

"காமன் எரிஞ்சத நீயும் பாக்கல, நானும் பாக்கல. ஆனா எம்டன் கப்பல் வந்தான் பாரு, அவன் சுட்டு எண்ணெத் தொட்டி எரிஞ்சது, அத இந்த ரெண்டு கண்ணால பாத்தவன் நான். எரியறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும் நைனா. நீ அப்போ பொறக்கவே இல்ல."

ஜெர்மன் யுத்தம் தொடங்கிய வருஷம் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ராத்திரியில் வந்து எங்கள் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதைச் சொன்னார், ஓர் உவமையாகத்தான் சொன்னார். அதைத் தாண்டிப்போய் ரதியின் வரத்தைப் பற்றி என் மகன் பாடியிருக்க வேண்டும். ஆனால் எரிஞ்சது என்ற சொல் காதில் விழுந்தால் எரியாத கட்சிக்காரனின் நாக்கு யாரையும் கேட்பதில்லை. டேப்பில் ஒரு தட்டுத் தட்டினான்.

"எரியலே" என்று பாடினான்.

மேஸ்திரிக்கே புரியவில்லை.

"இன்னாது எரியல?"

"தொட்டி" என்றான் என் மகன். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். யாரோ வேறு ஒருவன் அவன் வாயால் பேசிவிட்டது போல விழித்தான். ஆனால் லாவணியில் ஒரு சட்டம் உண்டு. சபையில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் டேப்பை எதிராளியின் காலடியில் வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும், அந்தக் கட்சி அந்த வருஷம் முழுக்கத் தலைகுனிய வேண்டும். மேஸ்திரியும் விடவில்லை. "அப்போ நாளைக்கு அதையே வெச்சுக்கலாம். தொட்டி எரிஞ்சுதா, எரியலயா" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் குதித்தது. மன்மதனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் அலுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா அப்படிச் சொன்னே?"

"அவரு எரிஞ்சதுன்னாரு. நான் எரியலன்னேன். வேற இன்னா சொல்றது?"

ராத்திரி படுத்தபடி யோசித்தேன். எம்டன் வந்து சுட்டது, இங்கிலீஷ்காரனின் எண்ணெய்த் தொட்டி கொழுந்துவிட்டு எரிந்தது, துரைமார்கள் விருந்தை விட்டு எழுந்து ஓடினார்கள் என்று சொல்வது யாருடைய பேச்சு? கதர் போட்டவர்கள் ரசித்துச் சொல்லும் பேச்சு. அதைச் சபையில் பாடப்போகிறவர் துரையின் குதிரைக்குச் சலாம் போடும் மேஸ்திரி. ஒன்றும் பெரிதாக எரியவில்லை, எல்லாம் வதந்தி என்று சொல்வது சர்க்கார் பேச்சு. அதைப் பாடப்போகிறவன் சீமைத் துணிக்கடை வாசலில் நின்றவன். இரண்டு பேரும் அவரவர் நம்பிக்கைக்கு நேர் எதிராகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள், தாத்தா காலத்துக் கட்சி உட்கார வைத்துவிட்டது.

மறுநாள் காலையில் மகன் என்னிடம் வந்து தயங்கி நின்றான். "உன் சரித்திரப் புஸ்தகத்தக் கொஞ்சம் குடேன்." அவன் பிறந்தது முதல் அந்தப் புத்தகத்தை அவனாகக் கேட்டது அதுதான். எடுத்துக்கொடுத்தேன். அதில் எம்டனைப் பற்றி நாலைந்து வரிதான் இருக்கிறது. சேதம் சொற்பம், நகரத்து மக்கள் கலங்காமல் இருந்தார்கள் என்பது அதன் சாரம். அவன் அதைச் சத்தமாகப் படித்தான். படித்துவிட்டுத் தூணில் சாய்ந்து சிரித்தான்.

"கலங்காம இருந்தாங்களா? நைனா குடைய எடுத்துகினு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஓடினாரே, அது?"

உள்ளேயிருந்து என் கணவர் குரல் வந்தது. "மழை வர்ற மாதிரி இருந்துது."

அது உண்மைதான், அதாவது ஓடியது. அப்போது இவன் என் வயிற்றில் இருந்தான். முதல் குண்டு வெடித்ததும் வண்டி பிடித்து வருகிறேன் என்று குடையோடு வெளியே போனவரைக் கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தெருவே மேற்கே ஓடிற்று. வியாசர்பாடிப் பக்கம் ஒரு கும்பல், மூலக்கொத்தளம் பக்கம் ஒரு கும்பல். செத்தவர்களை மறுபடி யாரும் சுடமாட்டார்கள் என்று சமாதிகளுக்கு நடுவே படுத்துவிட்டதாக விடிந்த பிறகு வந்து சொன்னார். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதே சரி. பயத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அதனால் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சபையில் சொல்லும்படி ஆகிவிட்டது.

இத்தனையும் அறிந்த நான் அந்த நாலைந்து வரியைத்தான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன். பரீட்சையில் அதுதான் கேட்பார்கள். ஒருமுறை மீன்பிடிக் குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க வூட்ல அத பெரிய மீன்பாட்டு ராத்திரின்னு சொல்வாங்க டீச்சர்" என்றாள். மீன்பாடு என்றால் வலையில் விழும் மீன். கடல் முழுக்கச் செவ்வெளிச்சம் படர்ந்ததும் பொழுது விடிந்ததென்று மீன்கள் மேலே வந்தனவாம். அவள் அப்பா வலை கிழியக் கிழிய அள்ளினாராம். ஜெர்மானியனும் இல்லை, இங்கிலீஷ்காரனும் இல்லை, அவர்கள் சரித்திரத்தில் அது நல்ல மீன் கிடைத்த நாள். உட்கார் என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் கூட்டம் தெரு கொள்ளவில்லை. புளியந்தோப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மேடைக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலி. அதில் சப்-இன்ஸ்பெக்டர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மீசையைத் தவிர வேறெதுவும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவரைப் பார்த்ததும் வெற்றிலை வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

மேஸ்திரி ஆரம்பித்தார்.

"கண்ணு ரெண்டும் கண்ட தீயைக் கதைன்னு சொல்லுறியே,
கப்பல்காரன் வெச்ச தீயைக் காத்துன்னு தள்ளுறியே,
எண்ணெத் தொட்டி எரிஞ்ச சேதி எட்டூரும் அறியுமே,
எங்க போயி ஒளிஞ்சார் துரை, எனக்குந்தான் தெரியுமே."

கடைசி வரியைப் பாடிய கையோடு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி ஒரு சலாம் போட்டார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் இப்படித்தான். துரையைப் பாட்டில் ஓடவிடுவார், உடனே ஒரு சலாம். வியர்வை அவர் கழுத்தில் ஓடியதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். ஆனால் நிறுத்த முடியவில்லை. அவருடைய அப்பா பாடிய மேடை அது.

என் மகன் எழுந்தான்.

"எரிஞ்ச தொட்டி இன்னிக்குத்தான் எப்படி நிக்குது,
எதுத்தாப்பல போயிப் பாரு, எண்ணெயும் விக்குது,
கரிஞ்சதுன்னு சொல்லுறியே, கரியெங்கே காட்டு,
காத்துவாக்குச் சேதிக்கெல்லாம் கட்டுறியே பாட்டு."

"கரி வேணுமா நைனா?" என்றார் மேஸ்திரி. "நாளைக்குத் துறைமுகத்துக்கு வா. கூடை கூடையா தர்றேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதற்குள் கூட்டத்திலும் எல்லாம் தலைகீழாகியிருந்தது. கதர்ச் சட்டைப் பையன்கள் எல்லாம் மேஸ்திரிக்குக் கைதட்டினார்கள். துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் என் மகனுக்குக் கைதட்டினார்கள். அவனுடைய நண்பன் ஒருவன், "டேய், நீ எந்தப் பக்கம்டா பேசிகினு கீறே?" என்று கத்தினான். "எங்க தாத்தா பக்கம்" என்று இவன் பதிலுக்குக் கத்தினான். சிரிப்பை அடக்கப் போய் எனக்குப் புரையேறியது. பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அடுத்து என் மகன் என் பாடப் புத்தகத்தை எடுத்து வீசினான், அதாவது பாட்டில். அச்சில் இருக்கிறது, அம்மா நடத்துகிற பாடத்தில் இருக்கிறது, சேதம் சொற்பம் என்று. மேஸ்திரி அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"அச்சுல இருக்கா? வெள்ளக்காரன் எழுதினா வெள்ளையாத்தான் எழுதுவான், அதுல கரி எப்படித் தெரியும்? புஸ்தகம் பேசாது நைனா. அத நடத்தறவங்க பேசட்டும். இதோ குந்திகினு கீறாங்களே, உன்னைப் பெத்தவங்க. அவங்கதான் என் சாட்சி."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சபையில் சாட்சி என்று பெயர் சொல்லி அழைத்துவிட்டால் எழுந்திருக்காமல் இருக்க முடியாது. எழுந்தேன்.

எரிந்தது என்று சொன்னால், என் மகன் தோற்பான், சர்க்கார் நாற்காலிக்கு எதிரிலேயே சர்க்கார் கதையைப் பொய் என்று அவன் தாய் சொன்னதாக ஆகும். பட்டறை வேலை போகும். எரியவில்லை என்று சொன்னால் அவன் ஜெயிப்பான், வேலை கிடைக்கும். ஆனால் என் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அந்த வெளிச்சத்தை என்னோடு பார்த்தவர்கள். அந்த மீன்பாட்டுப் பெண்ணின் தாயும் அங்கே இருந்தாள். இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தேனோ அதைச் சொன்னேன்.

"அன்னிக்கு எங்க வீட்ல விளக்கு ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பயம் தாங்கல. முற்றத்துல முறத்தை வெச்சுகிட்டு அரிசியில கல்லு பொறுக்கினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

மேஸ்திரி கையைத் தட்டினார். "விளக்கில்லாம கல்லு பொறுக்கினாங்களாம். அப்போ வெளிச்சம் எங்கேந்து வந்துது?"

என் மகன் சும்மா விடவில்லை. பாட்டுக் கட்டும் மயக்கத்தில் நான் யார் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. "சாட்சியம்மாவுக்கு ஒரு கேள்வி. நிலா வெளிச்சத்துலகூடக் கறுப்புக் கல்லு தெரியும். நீங்க பொறுக்கினது கறுப்புக் கல்லா, வெள்ளைக் கல்லா?"

நல்ல கேள்வி. கறுப்பு என்று சொல்லியிருந்தால் அவன் நிலாவைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பான், சர்க்காரும் கரையேறியிருக்கும். நான் அந்த முறத்தை மனசுக்குள் பார்த்தேன். அதில் இருந்தது இருந்தபடியே வாயில் வந்துவிட்டது.

"வெள்ளைக் கல்லுதான். அதுகூடத் தெரிஞ்சுது."

பின்னாலிருந்து யாரோ, "வெள்ளைய எல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டாங்கடோய்" என்றான். அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. தெரு அதிர்ந்தது. கதர்ப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மாலை மேஸ்திரியின் கழுத்தில் விழுந்தது. அவர் மாலையோடு சப்-இன்ஸ்பெக்டருக்குச் சலாம் போடத் திரும்பினார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர். கூடக் கான்ஸ்டபிள் இல்லை. என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நேத்து நீங்க பண்ணினது கொஞ்சமும் நன்னா இல்லே."

"ஐயா, மன்னிக்கணும். அந்த அர்த்தத்துல நான் சொல்லல. சர்க்காரை நான்..."

"சர்க்கார் கிடக்கு" என்றார். "எங்க கட்சி மூணு தலைமுறையா சபையில தோத்ததில்லே. எங்கப்பா கும்பகோணம் பக்கத்துல பாடினவர். எரியாத கட்சி. எண்ணெய்த் தொட்டிக்கு ஒரு பிள்ளை வாதாடறான்னு கேள்விப்பட்டு ஆசையா வந்து உக்காந்தேன். தம்பி எவ்வளவு அழகா நிலாவுக்கு வழி வெட்டிக் குடுத்தான். கறுப்புக் கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பெத்த தாயே நம்ம கட்சியைக் கவுத்துட்டீங்களே."

அந்த மனிதரின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. நான் சிரிக்கக் கூடாது என்று முந்தானையைப் பல்லில் கடித்தேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"ஐயா, அந்தப் பட்டறை விஷயம்..."

"அது நேத்தே எழுதியாச்சு. இன்னிக்கு மத்தியானத் தபால்ல போறது."

"என்னன்னு எழுதினீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் எனக்குச் சொன்னார். இந்த வாலிபர் திரளான ஜனங்களுக்கு முன்னால், பலத்த எதிர்ப்புக்கும் அஞ்சாமல், சர்க்கார் தரப்பை எடுத்துச் சொன்னார். "இதுல ஒரு வார்த்தை பொய்யா, சொல்லுங்கோ" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜனங்கள் திரளாகத்தான் இருந்தார்கள். எதிர்ப்புப் பலமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மெய், ஆனால் எல்லாம் சேர்ந்ததும் என் மகன் இல்லாத வேறொரு பிள்ளை எழுந்து நின்றான். என் பாடப் புத்தகத்தை எழுதியவரும் இப்படி மெய்யான சொற்களாகப் பொறுக்கித்தான் எழுதியிருப்பாரோ என்று எண்ணினேன். பயமாக இருந்தது, கையோடு ஒரு சந்தோஷமும் வந்தது.

"மேஸ்திரியைப் பத்தி?" என்று கேட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அவர் அப்பாவுக்காகப் பாடறார்னு எழுதினா மேலே இருக்கிற துரைக்குப் புரியாது. வேடிக்கைப் பாட்டுன்னு எழுதிட்டேன்."

இதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. என் மகன் வந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முகம் சிவந்திருந்தது.

"ஐயா, நான் சர்க்கார் ஆளு இல்ல. அத அடிச்சுடுங்க. நாளைக்கு யாராவது அந்தக் காயிதத்தப் பாத்தா நான் வெள்ளக்காரனுக்கு வாதாடினவன்னு இல்ல நினைப்பான்?"

சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஆசையோடு பார்த்தார். "தம்பி, அடிச்சுடறேன். ஆனா அதுக்குக் காரணம் எழுதணும். அப்போ தொட்டி எரிஞ்சதுதான்னு ஒத்துக்கறியா?"

"எரியலே" என்றான் என் மகன்.

சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். "அவ்வளவுதான்" என்று சொல்லி, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, சைக்கிளில் ஏறிப் போனார்.

சைக்கிள் முனை திரும்பியதும் மேஸ்திரி ஓடிவந்தார். இரவெல்லாம் உறங்காத கண். போலீஸ்காரர் எங்கள் வீட்டில் ஏறியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"டீச்சரம்மா, என்னைப் பத்தி இன்னா எழுதிக்கிறானாம்? என் குத்தகை போச்சா? சும்மா சொல்லுங்க, தாங்கிக்கிறேன்."

"ஒண்ணும் போகல மேஸ்திரி. வேடிக்கைப் பாட்டுன்னு எழுதியிருக்காராம்."

அவர் மகிழ்ந்து உட்கார்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

"வேடிக்கையா? நான் பாடினது வேடிக்கையா? இந்த ரெண்டு கண்ணால பாத்தது. அன்னிக்கு என் கைல கொப்புளம் வந்துது, தெரியுமா? வேடிக்கையா? நான் போறேன் ஸ்டேஷனுக்கு. மேஸ்திரி சொன்னது அத்தனையும் நெசம்னு எழுதச் சொல்றேன்."

"நானும் வர்றேன் மாமா" என்றான் என் மகன். "நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு எழுதச் சொல்லணும்."

இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். நேற்றுவரை எதிரெதிரே உட்கார்ந்தவர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு. சரித்திரத்தைத் திருத்தப் போகிறார்கள். ஒருவன் வேலையைத் தொலைத்துக்கொண்டு, ஒருவர் குத்தகையைத் தொலைத்துக்கொண்டு. எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"அம்மா, நவுரு."

"மாட்டேன்."

"டீச்சரம்மா, நீங்களே நேத்து உண்மையத்தான சொன்னீங்க? அத நான் போயிச் சொன்னா ஏன் தடுக்குறீங்க?"

கையை இன்னும் அகல விரித்தேன். பால் தீய்ந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று மகன் பிற்பாடு சொன்னான். நான் சிரித்தேன் என்றே எனக்கு நினைவு. கொல்லைப்புறத்திலிருந்து வந்த என் கணவர் மூன்று பேரையும் பார்த்தார், குடையைச் சுவரில் சாத்தினார், பேசாமல் வந்து என் பக்கத்தில் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்சநேரம் முணுமுணுத்தார்கள். பிறகு, தொட்டி எரிந்ததா எரியவில்லையா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், டேப்பு இல்லாததால் என் பித்தளைக் குடத்தைத் தட்டிக்கொண்டு. மத்தியானத் தபால் போயிருக்கும் என்று தெரியும்வரை நாங்கள் இருவரும் நிலையை விட்டு நகரவில்லை.